பூச்சிமருந்தைப் பூச்சிக்குக் கொடுத்தால் சாகத்தானே செய்யும்?

மார்ச் 2 – கேள்வி

முதுகலை விலங்கியல், கடைசி செமஸ்டர். எங்கள் துறையில் பாதிப் பேருக்கு புராஜெக்ட் என்று பழ ஈயைத் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கு வந்த தலைப்பு, காய்கறிக்கு அடிக்கும் ஒரு பூச்சிமருந்தின் நச்சுத்தன்மையை டிரோசோஃபிலாவில், அதாவது அந்தப் பழ ஈயில், பார்ப்பது. பூச்சிமருந்தைப் பூச்சிக்குக் கொடுத்தால் சாகத்தானே செய்யும்? இதில் ஆராய என்ன இருக்கிறது? எலிக்கு அனுமதி வாங்குவது தொல்லை, செலவும் அதிகம், அதனால் ஈ என்று ஒரு சாக்கு. ஈயைப் பார்த்து மனுஷனுக்கு என்ன ஆகும் என்று சொல்வது ஏமாற்று வேலை என்றே தோன்றுகிறது. இதில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு – பதில்

முனைவர் பட்டத்துக்கு ஈ, அதற்குப் பிறகும் சில வருடம் ஈ. இப்போது வகுப்பு எடுப்பதோடு சரி.

சாக்கு என்பது பாதி உண்மைதான். எலி என்றால் நெறிமுறைக் குழு, கூண்டு, ஆள், தீவனம். ஈக்கு ரவையும் வெல்லமும் போதும். 25 டிகிரியில் வைத்தால் முட்டையிலிருந்து ஈயாவதற்குப் பத்து நாள். ஒரு பெண் ஈ சில நூறு முட்டை இடும். செமஸ்டருக்குள் முடிக்க வேண்டிய மாணவருக்கு வேறு எது சரிப்படும்?

மீதிப் பாதிக்கு வருகிறேன். டீல்டிரின் என்று ஒரு பழைய பூச்சிமருந்து. 1990களின் தொடக்கத்தில், அதற்குச் சாகாத பழ ஈக்களில் எந்த மரபணு மாறியிருக்கிறது என்று தேடினார்கள். நரம்பணுவை அடக்கி வைக்கும் காபா என்ற வேதிப்பொருளுக்கான வாயில் அது. அதில் 302ஆம் இடத்தில் அலனின் இருக்க வேண்டியது செரினாக மாறியிருந்தது. அந்த ஒரு மாற்றத்திலேயே மருந்து பலிக்காமல் போய்விட்டது. அந்த மரபணுவுக்கு ஆர்டிஎல் என்று பெயர். பிறகு கொசுவிலும் வண்டிலும் எதிர்ப்புத்திறன் வந்த இடங்களில் தேடினால் அதே இடத்தில் அதே மாற்றம். எண்டோசல்ஃபானும் இதே வாயிலில்தான் போய் அடைக்கிறது. நம் மூளையிலும் காபா வாயில் உண்டு, அந்த நஞ்சு உள்ளே போனவருக்கு வலிப்பு வருவது அதனால்தான்.

மருந்து கொடுத்தால் பூச்சி சாகும், சரி. சாகாத ஒன்று கிடைக்கும்போது வேலை ஆரம்பிக்கிறது.

மார்ச் 3

"அப்படியானால் ஈக்கு ஆவது மனுஷனுக்கும் ஆகும் என்கிறீர்களா" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படி நான் சொல்லவில்லை.

ஒரு நஞ்சு உடம்புக்குள் எதைப் பிடிக்கிறது, பிடித்த பிறகு என்ன கெடுகிறது என்று ஈயிடம் கேட்கலாம். எத்தனை மில்லிகிராம் வரை ஆபத்தில்லை என்று மட்டும் கேட்கக் கூடாது. என் கருத்து முழுதும் இதுதான், மீதியெல்லாம் இதற்கு உதாரணம்.

கார்பன் மோனாக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மை அது கொல்வது ரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டு. ஈக்குச் சிவப்பணுவே கிடையாது, நுரையீரலும் கிடையாது. மூச்சுக்குழல்கள் கிளை கிளையாகப் பிரிந்து காற்றை நேரே திசுவுக்குக் கொண்டுபோகின்றன. அந்த நஞ்சுக்கு ஈயை வைத்து மனிதக் கணக்குப் போடுவது வீண்.

ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் நடுவில் நிற்பவை. அவை முடக்குவது, நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியை. அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் என்ற அந்த நொதி ஈயிலும் இருக்கிறது, நம்மிலும் இருக்கிறது. ஆனால் நம் தசைக்கு நரம்பு கட்டளை கொடுப்பது அசிட்டைல்கோலின் வழியாக, ஈயின் தசைக்கு குளுட்டமேட் வழியாக. நொதி முடங்குவதை ஈயில் அளக்கலாம். மூச்சுத் தசை செயலிழந்து நோயாளி சாகும் கட்டத்தை ஈயில் தேடினால் கிடைக்காது.

மார்ச் 3, சற்றுப் பிறகு

கல்லீரல் இல்லாத பிராணியில் என்ன நச்சியல் என்று கேட்பவர்களுக்கு: கொழுப்புத் திசு கல்லீரலின் வேலையில் பெரும்பகுதியைப் பார்க்கிறது. மால்பீஜியன் குழாய்கள் சிறுநீரகத்தின் இடத்தில் இருக்கின்றன. நஞ்சை உருமாற்றும் பி450 நொதிகள் ஈக்கு எண்பதுக்கு மேல், நமக்கு 57. நீங்கள் வேறு ஈயைப் பார்த்து இரக்கப்படுகிறீர்கள்.

மார்ச் 5

வகுப்பில் நான் எப்போதும் சொல்லும் கதை. நீளம் என்று திட்டாதீர்கள்.

1927இல் ஹெர்மன் முல்லர் எக்ஸ்ரே பாய்ச்சி ஈயில் மரபணு மாற்றத்தை உண்டாக்கிக் காட்டினார். 1930களின் கடைசியில் அவர் எடின்பரோவில் இருந்தார். அங்கே ஷார்லட் அவர்பாக். ஜெர்மனியில் யூதர் என்பதால் வேலை போய், 1933இல் பிரிட்டனுக்கு வந்தவர். கடுகு வாயு பட்ட புண்ணும் எக்ஸ்ரே பட்ட புண்ணும் ஒரே மாதிரி இருக்கின்றன என்று மருந்தியல் துறையில் பேச்சு இருந்தது. அப்படியானால் கடுகு வாயுவும் மரபணுவை மாற்றுமா? மருந்தியல் துறையின் மொட்டைமாடியில் வைத்து ஈக்களுக்கு அந்த வாயுவைக் காட்டினார்கள். அவர் கையிலும் புண்ணானது. முடிவு ஆம் என்று வந்தது. ஆனால் போர்க்காலம், விஷயம் விஷவாயு. வெளியே சொல்ல முடியாது. மருந்தியல் துறையின் ராப்சனுடன் சேர்ந்து அவர்பாக் எழுதிய கட்டுரை 1946இல்தான் அச்சில் வந்தது. ஒரு வேதிப்பொருள் பரம்பரையையே மாற்றும் என்று உலகத்துக்குத் தெரியவந்ததற்கு இந்த ஈக்கள்தான் பெரிய காரணம்.

இதில் எனக்குப் பிடித்தது சோதனையின் எளிமை. நஞ்சு பட்ட ஆண் ஈயை, கண்ணில் அடையாளம் உள்ள ஒரு தனி ரகப் பெண் ஈயோடு சேர்க்க வேண்டும். பிறக்கும் மகள்களை ஒவ்வொன்றாகத் தனிக் குப்பியில் விட வேண்டும். பேரன்கள் வந்ததும் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் போதும். சாதாரணச் சிவப்பு வட்டக்கண் உள்ள ஆண்கள் ஒன்றுகூட இல்லையென்றால், தாத்தாவின் எக்ஸ் குரோமோசோமில் உயிரைக் கொல்லும் மாற்றம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். மரபணு வரிசை படிக்கும் கருவி கிடையாது, சாயம் கிடையாது. யார் வரவில்லை என்று பார்ப்பதே அளவீடு.

மார்ச் 6

"இந்தச் சோதனையை இன்னும் செய்கிறார்களா?"

வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி 1984இல் இதை 477ஆம் எண் வழிகாட்டியாகவே ஏற்றது, 2014இல் நீக்கியது. பாக்டீரியாவில் செய்யும் ஏம்ஸ் சோதனை மலிவு, வேகம். இதற்கோ ஆயிரக்கணக்கில் குப்பி வேண்டும். போனது நியாயம்தான். ஆனால் வகுப்பில் இதைச் செய்துகாட்டுவதை நிறுத்திவிட்டது எனக்கு வருத்தம்.

இறக்கைப் புள்ளிச் சோதனை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஈயின் இறக்கையில் செல்லுக்கு ஒரு முடி. நஞ்சு கலந்த உணவை மூன்று நாள் வயதுப் புழுவுக்குக் கொடுக்கிறோம். அந்த வயதில் இறக்கையாகப் போகும் செல்கள் உள்ளே பெருகிக்கொண்டிருக்கும். ஈ வெளியே வந்ததும் இறக்கையைப் பிய்த்து ஸ்லைடில் பரப்பி 400 மடங்கில் வரிசை வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒற்றை முடிகள் சீராகப் போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரு இடத்தில் ஒரே செல்லில் மூன்று முடி, பக்கத்துச் செல்லில் நான்கு. அங்கே ஒரு மரபணு தொலைந்திருக்கிறது. கூட்டம் பெரிதாக இருந்தால் மாற்றம் சீக்கிரமே நடந்தது, சின்னதாக இருந்தால் கடைசி நேரத்தில் நடந்தது. கழுத்து வலிக்கும். பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்யலாம்.

மார்ச் 9

இப்போது திட்ட வேண்டிய பகுதி.

நம் கல்லூரிகளில் ஈ நச்சியல் என்றால் பெரும்பாலும் என்ன? ஏதோ ஒரு மூலிகைச் சாறு, கூடவே பாராகுவாட் அல்லது ரோட்டினோன் என்ற நஞ்சு. நஞ்சு மட்டும் தின்ற ஈக்கள் தள்ளாடுகின்றன. நஞ்சோடு சாறும் தின்றவை குப்பிச் சுவரில் நன்றாக ஏறுகின்றன. ஆகவே மூலிகை காப்பாற்றியது. கட்டுரை தயார்.

சாறு கசக்கும். கசப்பை ஈ நன்றாகவே உணரும். கசந்தால் குறைவாகத் தின்னும். குறைவாகத் தின்றால் நஞ்சும் குறைவாகவே உள்ளே போகும். காப்பாற்றியது மூலிகையா, வாய்க்கசப்பா? என்னிடம் மதிப்பீட்டுக்கு வரும் ஆய்வேடுகளில் முதலில் நான் தேடுவது, ஈ எவ்வளவு தின்றது என்று அளந்தார்களா என்பதைத்தான். பெரும்பாலும் அந்தப் பக்கமே இருக்காது. வைவாவில் கேட்டால் கைடு முகத்தைப் பார்ப்பார்கள்.

அளப்பது கஷ்டமும் இல்லை. உணவில் நீலச் சாயம் கலந்து கொடுத்து, ஈயை அரைத்து, நிறத்தைக் கருவியில் படித்தால் ஒப்பீடு கிடைத்துவிடும். இன்னும் துல்லியம் வேண்டுமானால் மெல்லிய கண்ணாடி நுண்குழாயில் திரவ உணவை நிரப்பி மேலிருந்து தொங்கவிட்டு, நாள் முடிவில் மட்டம் எவ்வளவு இறங்கியது என்று பார்க்கலாம். 2007இல் வந்த முறை, கஃபே என்று பெயர். ஈயின் எடை ஒரு மில்லிகிராம் அளவு. ஒரு நாளில் அது குடிப்பது ஒன்று, ஒன்றரை மைக்ரோலிட்டர். தன் எடைக்கு மேல். "உணவில் இத்தனை மில்லிமோலார்" என்று எழுதிவிட்டு அதை எலியின் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராமோடு நேரே ஒப்பிடுபவர்களை என்ன செய்வது?

மார்ச் 9, இரவு

காலையில் கோபத்தில் எழுதியதால் ரோட்டினோன் வேலையே மட்டம் என்பது போல ஆகிவிட்டது. அப்படியில்லை. 2004இல் பிரான்சிலிருந்து வந்த கட்டுரை நல்ல மாதிரி. ரோட்டினோன் தின்ற ஈக்களில் நடமாட்டமும் குறைந்தது, டோபமின் நரம்பணுக்களும் அழிந்தன. எல்-டோபா கொடுத்ததும் நடமாட்டம் மீண்டது, ஆனால் நரம்பணு அழிவது நிற்கவில்லை. பார்க்கின்சன் நோயாளிக்கு எல்-டோபா கொடுக்கும் மருத்துவருக்கு இது எங்கேயோ கேட்ட கதையாக இருக்கும். ஏறுவதை மட்டும் எண்ணி நிறுத்தியிருந்தால் "எல்-டோபா காப்பாற்றியது" என்று தலைப்புப் போட்டிருப்பார்கள்.

ஏறும் சோதனை தெரியாதவர்களுக்கு: உயரமான குப்பியில் ஈக்களை விட்டு மேசையில் தட்டினால் எல்லாம் அடியில் விழும். உடனே மேலே ஏறும், அது அவற்றின் சுபாவம். பத்து விநாடியில் கோட்டைத் தாண்டியவை எத்தனை என்று எண்ண வேண்டும். தட்டும் கை ஒருவருடையதாகவே இருக்கட்டும். ஆளுக்கொரு வேகத்தில் தட்டினால் எண் தாறுமாறாகும்.

மார்ச் 10

ரவை, வெல்லம் என்று எழுதியதை நம்பாமல் ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். மைசூர் பல்கலைக்கழகத்தில் டிரோசோஃபிலா இருப்பு மையம் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஆய்வகங்களின் வழக்கமான உணவு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் வெல்லம், 100 கிராம் ரவை, 10 கிராம் அகார், பூஞ்சை பிடிக்காமலிருக்க 7.5 மில்லி புரோபியானிக் அமிலம். கிண்டும்போது கேசரி வாசனை வரும், அமிலம் ஊற்றியதும் ஓடிவிடும். மேலே ஈஸ்ட் தூவ வேண்டும்.

இந்த ஈஸ்டில்தான் இன்னொரு பொறி. புழுவுக்குப் புரதம் ஈஸ்டிலிருந்து வருகிறது. நீங்கள் சோதிக்கும் பொருள் மயில்துத்தம் போன்றது என்றால் அது முதலில் ஈஸ்டைக் கொல்லும். புழு பட்டினியில் மெதுவாக வளரும். "வளர்ச்சி தாமதம், ஆகவே நஞ்சு" என்று எழுதுவீர்கள். ஈஸ்டை முன்பே வெப்பத்தில் கொன்று, எல்லாக் குப்பிக்கும் அதையே போட்டு ஒரு முறை பாருங்கள்.

மார்ச் 14

மின்வெட்டுக் கதை கேட்டவருக்கு. அதற்கு முன் கொஞ்சம் பின்னணி.

1962இல் இத்தாலியில் ரிட்டோசா ஈப்புழுவின் ராட்சதக் குரோமோசோம்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ இன்குபேட்டர் சூட்டைக் கூட்டிவிட, குரோமோசோமில் புதுப் புது வீக்கங்கள். டைநைட்ரோபீனால் என்ற நஞ்சைக் கொடுத்தாலும் அதே வீக்கங்கள். சூட்டுக்கும் நஞ்சுக்கும் செல் ஒரே பதிலைத் தருகிறது என்பது அங்கிருந்து வந்தது. அந்தப் பதிலில் முக்கியமான புரதம் ஹெச்எஸ்பி70. நம் செல்களிலும் அதே குடும்பம்.

லக்னோவில் உள்ள இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இதைக் கருவியாகவே ஆக்கினார்கள். ஹெச்எஸ்பி70 எழுகிற திசுவில் நீலம் ஏறும்படி மாற்றிய ஈ. நஞ்சு கொடுத்து, புழுவைத் திறந்து, சாயத்தில் ஊறவைத்தால் எந்தத் திசு அடி வாங்கியது என்று கண்ணால் பார்க்கலாம். 1998இல் டில்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு விதை எண்ணெய் கலந்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லவா, அந்த எண்ணெயையும் அங்கே இந்த ஈக்களில் பார்த்தார்கள்.

இனி மின்வெட்டு. நான் இருந்த ஆய்வகத்தில் இதே ரகம். மே மாதம், விடுமுறை நாள், ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. மறுநாள் வெட்டிச் சாயம் போட்டால் நஞ்சு தின்ற புழுவின் குடல் நீலம். எனக்குச் சந்தோஷம். அடுத்த தட்டைப் பார்த்தேன், வெறும் வெல்லம் தின்ற புழுவின் குடலும் நீலம். இன்குபேட்டருக்குள் வெயில் கொடுத்த நீலம் அது. அதோடு விட்டதா? 30 டிகிரியிலேயே ஆண் ஈ மலடாகும். அடுத்த சில நாள் குப்பிகளில் முட்டை இருந்தது, புழு வரவில்லை.

ஒரு எச்சரிக்கை. நீலம் இல்லையென்றால் பாதிப்பில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மால்பீஜியன் குழாயில் சூடு கொடுத்தாலும் ஹெச்எஸ்பி70 வழக்கம் போல எழுவதில்லை என்று வாராணசியில் காட்டியிருக்கிறார்கள். கழிவை வெளியேற்றும் உறுப்பே இந்தச் சோதனையில் ஊமை.

மார்ச் 15

மாம்பழத்தில் புழு வைக்கிற ஈயைப் பிடித்துச் செய்யலாமா என்று கேட்டவருக்கு: அது பாக்டிரோசெரா, வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. நல்ல பழத்தைக் குத்தி முட்டை வைக்கும். நாம் பேசுவது அழுகிய வாழைப்பழத்தின் மேல் மொய்க்கும் பொடி ஈ. வீட்டில் பிடித்ததும் வேண்டாம், அதன் பூர்வீகம் யாருக்கும் தெரியாது. எந்த மருந்துக்குத் தப்பி வந்ததோ. சும்மா சொல்லவில்லை. 2002இல் வந்த ஆய்வில், டிடிடிக்குத் தாக்குப்பிடிக்கும் ஈக்களில் உலகம் முழுதும் ஒரே பி450 மரபணு அளவுக்கு மீறி வேலை செய்தது தெரிந்தது. அதன் பெயர் சிஒய்பி6ஜி1. தாவும் மரபணுத் துண்டு ஒன்று அதன் வாசலில் வந்து உட்கார்ந்ததே காரணம். அது டிடிடியோடு நிற்காமல் இமிடாகுளோப்ரிட் என்ற பிற்காலப் பூச்சிமருந்தையும் சமாளிக்கிறது.

அழுகிய பழம் என்றதும் சாராயம் ஞாபகம் வருகிறது. புளித்த பழத்திலேயே வாழ்வதால் இந்த ஈக்கு ஆல்கஹால் தாங்கும் சக்தி அதிகம். புழுவின் உடம்புக்குள் ஒட்டுண்ணிக் குளவி முட்டை வைத்தால், புழு ஆல்கஹால் உள்ள உணவைத் தேடித் தின்று குளவிக் குஞ்சைக் கொல்லும். குடிக்கு மருத்துவக் காரணம் சொல்லும் ஒரே பிராணி என்று என் நண்பர் சொல்வார். சீக்கிரம் போதையாகும் ஈ ரகம் ஒன்றுக்கு "சீப்டேட்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஈ மரபணுவுக்குப் பெயர் வைப்பவர்களைக் கண்டிக்க ஆளே இல்லை.

மார்ச் 21

மார்ச் 3 குறிப்பில் கார்பன் மோனாக்சைடு பற்றி எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஈயில் ஒரு உறுப்போ நொதியோ இல்லாவிட்டால் ஈ பயனில்லை என்ற தொனி வருகிறது. எப்போதும் அப்படியில்லை. ஆர்சனிக் வேறு மாதிரி.

நம் உடம்பு ஆர்சனிக்கோடு மீத்தைல் தொகுதியைச் சேர்த்து உருமாற்றிச் சிறுநீரில் அனுப்பும். இது நஞ்சை முறிப்பதா, இன்னும் மோசமான ஒன்றாக்குவதா என்று நீண்ட நாள் சண்டை. ஆர்சனிக் கலந்த வங்காளக் கிணற்றுநீரை நினைத்தால் சண்டையின் கனம் புரியும். ஈக்கு அந்த நொதியே கிடையாது. சின்சினாட்டியில் ஒரு குழு மனித மரபணுவை ஈக்குள் வைத்தது. இப்போது மீத்தைல் சேர்க்கிற ஈயும் சேர்க்காத ஈயும் பக்கத்துப் பக்கத்துக் குப்பியில். மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்று. எலியில் இப்படி வேண்டுமென்றால் முதலில் அதனிடம் இருக்கும் மரபணுவை எடுக்க வேண்டும். ஈயில் அந்த இடம் ஏற்கெனவே காலி. 2011இல் கட்டுரை வந்தது. அளவைப் பொறுத்து பதில் மாறுகிறது என்பதே அவர்கள் கண்டது. சண்டை போட்ட இரண்டு கட்சிக்கும் பாதிப் பாதி.

கார்பன் மோனாக்சைடு விஷயத்தில் நான் சொன்னது அப்படியே நிற்கிறது.

மார்ச் 28

கேள்வி கேட்டவர் மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டார். குளோர்பைரிபாஸ், ஆர்கனோபாஸ்பேட் வகை. நல்லவேளை. இமிடாகுளோப்ரிட்டாக இருந்தால் வேறு மாதிரி பேச வேண்டியிருக்கும். அது பூச்சியின் நரம்பு ஏற்பியை இறுகப் பிடிக்கும், நம்முடையதைத் தளர்வாகப் பிடிக்கும். அப்படிப் பொறுக்கிக் கொல்லத்தான் அதையே செய்தார்கள். அங்கே உங்கள் முதல் கேள்வி முக்கால்வாசி சரி.

குளோர்பைரிபாஸ் அப்படியே கொல்லாது. உடம்புக்குள் பி450 நொதி அதை ஆக்சான் என்ற வீரியமான வடிவமாக மாற்றிய பிறகுதான் அசிட்டைல்கோலின் எஸ்டரேஸைப் பிடிக்கும். ஈயிலும் அப்படித்தான், நம்மிலும் அப்படித்தான். ஆகவே எத்தனை செத்தது என்று எண்ணி எல்சி50, அதாவது பாதி ஈக்களைக் கொல்லும் செறிவு, போட்டு முடிக்காதீர்கள். அது ஒரு பக்கத்துக்குப் போதும், அளவைத் தேர்ந்தெடுக்க. கொல்லாத குறைந்த அளவில் நொதி எவ்வளவு முடங்குகிறது, அதே அளவில் ஏறுவது எப்போது தடுமாறுகிறது, நொதி முதலில் விழுகிறதா நடை முதலில் விழுகிறதா என்று பாருங்கள். இதற்கு ஒரு செமஸ்டர் தாங்கும்.

கைடு ஒத்துக்கொள்ள மாட்டார் என்கிறீர்கள். எல்சி50யை முதல் அத்தியாயமாக வைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள், ஒத்துக்கொள்வார்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருந்தை எந்தக் கரைப்பானில் கரைக்கிறீர்களோ அதை மட்டும் கலந்த உணவு ஒரு தொகுதிக்கு வேண்டும். ஆணையும் பெண்ணையும் பிரியுங்கள், பெண் பெரியது, முட்டைக்காக அதிகம் தின்னும். ஆணுக்கு வயிற்று நுனி கருப்பு, முன்காலில் சீப்பு மாதிரி முள் இருக்கும். ஈதரை அளவாகப் போடுங்கள். இறக்கை மேலே தூக்கி விரைத்துக்கொண்டால் அந்த ஈ மயங்கவில்லை, போய்விட்டது. மயக்கிய அன்றே ஏறும் சோதனை செய்யாதீர்கள். நீலச் சாயம் பற்றி மறுபடி சொல்ல மாட்டேன்.

மார்ச் 29

முழு ஈயை அரைத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அரைக்கலாம், ஆனால் அந்த நொதி பெரும்பாலும் தலையில் இருக்கிறது, வயிற்றையும் சேர்த்து அரைத்தால் கலங்கலாகி எண் மங்கும். தலையை ஒவ்வொன்றாக வெட்டி உட்கார வேண்டாம். குழாயில் ஈக்களைப் போட்டு திரவ நைட்ரஜனில் உறையவைத்து, வெளியே எடுத்ததும் வேகமாகக் குலுக்குங்கள். தலை, கால், இறக்கை எல்லாம் உதிரும். கண் பெரிய சல்லடையில் உடல் நிற்கும், அதற்குக் கீழே சின்னக் கண் சல்லடையில் தலை நிற்கும். சல்லடையையும் முன்பே குளிரவைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். திரவ நைட்ரஜன் உங்கள் துறையில் இருக்காது. இயற்பியல் துறையில் கேட்டுப் பாருங்கள், கொடுப்பார்கள். பாத்திரத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த வருஷமும் யாருக்காவது தேவைப்படும்.